போன மாதத்துச் செய்திகள்

செட்டாப் பாக்ஸிலிருந்து கம்ப்யூட்டரில் பதிவு செய்ய இப்போதைய தடித்த வயர் உதவாது, ஐயா. படம் கறுப்பாகத்தான் வரும். கம்பெனிக்காரர்கள் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று முனை உள்ள பழைய வயர்தான் சரி. ஒரு மணி நேரச் செய்தியைப் பதிவு செய்ய ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. எனக்கு அலுப்பு பழகிவிட்டது.

அண்ணனுக்காகத்தான் ஆரம்பித்தேன். பஸ் கண்டக்டராக இருந்தவர். இடுப்பெலும்பு முறிந்து, உள்ளறையில் படுத்த படுக்கை. அண்ணி போன பிறகு அவரைப் புரட்டியது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் நான்தான். அவர் நாள் முழுக்கச் செய்தி பார்ப்பார். "டேய், ஓடி வாடா, இங்க பாருடா" என்று கத்துவார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். எங்கோ ஒரு லாரி கவிழ்ந்திருக்கும்.

அதனால் செய்திகளைப் பதிவு செய்து, கெட்டதை வெட்டிவிட்டு, பென்டிரைவில் ஏற்றி அவருடைய டிவியில் செருகினேன். மூலையில் தேதி வரும் இடத்தில் கறுப்பு டேப். திரை கீறியிருக்கிறது என்றேன், நம்பினார். வெட்டுவதும் வேலைதானே. அதனால் பிறகு போன மாதத்துச் செய்தியையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

"என்னடா, இந்த மந்திரி நேத்தும் இதே சட்டைதானே போட்டிருந்தாரு?"

"அது அவருக்கு ராசியான சட்டையாம்ண்ணே."

சிரித்தார். அன்று நன்றாகத் தூங்கினார். நானும் தூங்கினேன்.

அணை நிரம்பிய அன்று எங்கள் தெருவில் நல்ல வெயில். மலையில்தான் மழை. முன்னறையில் அடுத்த மாதத்துக்கான பதிவு ஓடிக்கொண்டிருந்தபோது அறிவிப்பு வந்தது. மதகுகளைத் திறக்கிறார்கள், ஆற்றோரத் தெருக்களைச் சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் வந்தார்.

"பெரியவரைக் கட்டிலோட தூக்கிடலாம்ண்ணே. நான் ஒரு பக்கம் புடிக்கிறேன். வண்டி நிக்குது."

அண்ணன் டிவியைக் காட்டினார். "செய்தியில ஒரு வார்த்தை வரலையே? உனக்கு யாருய்யா சொன்னா, உன் இஸ்திரிப் பொட்டியா?"

இஸ்திரிக்காரர் என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கண்ணே."

"அவர் பிடிவாதக்காரர்," என்றேன். உண்மைதானே? மனுஷன் சொன்னால் கேட்கமாட்டார், டிவி சொன்னால் கேட்பார். அன்று நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"பயந்தா நீ போடா," என்றார் அண்ணன். "சாயந்திரம் வந்து மருந்து குடு."

தலையணையைச் சரி செய்தேன். ரிமோட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். தெருவில் மைக் கட்டிய வண்டி வந்துகொண்டிருந்தது. டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். கம்ப்யூட்டரையும் செட்டாப் பாக்ஸையும் பாலிதீனில் சுற்றித் தூக்கிக்கொண்டு, இஸ்திரிக்காரர் சொன்ன வண்டியில் ஏறினேன். நல்ல கனம்.

கட்டில் கூரையை முட்டிக்கொண்டு மிதந்தது என்று படகுக்காரர் சொன்னார். அண்ணன் அதன் அடியில் இருந்தாராம்.

அந்த அறிவிப்பு முழுசாகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஐயா. நீங்களே பார்க்கலாம், எங்கேயும் வெட்டவில்லை. தண்ணீர் வடிந்ததும் அண்ணனுக்குப் போட்டுக் காட்டலாம் என்றுதான் வைத்திருந்தேன்.