உள்ளிருந்து போட்ட தையல்

பஞ்சு எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஐயா. ஆயுள் முழுக்கத் தையல்காரனாக இருந்தும் ஒரு தலையணையைத் தொட்டால் அடுக்குத் தும்மல் வந்துவிடும். அதனால்தான் நான் தைத்த பொம்மையின் வயிற்றில் பஞ்சு அடைக்கவில்லை. வேறு கெட்ட எண்ணம் இல்லை.

பேத்திக்கு ஆறு வயது. நான் கதை சொன்னால் கண்ணை இமைக்கமாட்டாள். ஆளை விழுங்குகிற அலமாரிக் கதையைச் சொன்ன அன்று படுக்கையை நனைத்துவிட்டாளாம். என் மகள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"போதும்ப்பா. புள்ள அலமாரியத் தொறக்கவே நடுங்குது. இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதீங்க."

படி ஏறாதே என்றாள். யாராவது என்னைத் தூக்கிக்கொண்டு போனால் ஏறினதாகக் கணக்கில்லையே.

ஆளுயரத்துக்கு ஒரு துணிப்பொம்மை தைத்தேன். என் அளவுக்கே வெட்டினேன். கண்ணுக்குக் கறுப்பு வலைத்துணி; உள்ளேயிருந்து பார்த்தால் தெரியும், வெளியேயிருந்து தெரியாது. பேத்திக்குப் பிறந்தநாள் பரிசு, கடை வாசலில் இருக்கும், எடுத்துப்போய்க் கொடுங்கள் என்று வண்டிக்காரருக்குப் போனில் சொல்லிவிட்டு உள்ளே புகுந்துகொண்டேன்.

அவர் மாடி மாடியாக முக்கினார். "பொம்மையா இது? எங்க மாமியா கணக்கா கனக்குதே." சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

மருமகன் என்னைப் பேத்தியின் அறையில், மூலை நாற்காலியில் உட்காரவைத்தார். பகலில் எல்லோரும் கிளம்பியதும் அக்குள் தையலைப் பிரித்து வெளியே வருவேன். அடுக்களையில் மிச்சம் மீதி சாப்பிடுவேன். திரும்பப் புகுந்து தைத்துக்கொள்வேன். சாயங்காலம் பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் கதை.

முதல் நாள் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நல்ல பிள்ளை. என் சொந்தக் குரலில் பேசியிருந்தால் தாத்தா என்று ஓடிவந்து கட்டிக்கொண்டிருப்பாள், கதை கெட்டுப்போகும். அதனால் குரலை மாற்றிக்கொண்டேன். வெளியே சொன்னால் உன் அம்மாவுக்குள்ளும் பஞ்சை அடைத்துத் தைத்துவிடுவேன் என்றேன். கதைக்குக் கொஞ்சம் உப்பு வேண்டாமா?

மறுநாளிலிருந்து தாயின் கையை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

"ஏண்டி எந்நேரமும் அமுக்குற? நான் என்ன மாம்பழமா?"

"நீ அம்மாதானே?"

மகள் சிரித்தாள். நானும் உள்ளே சிரித்தேன். அதற்கப்புறம் பேத்தி பேசுவது குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. எவ்வளவு கவனமாகக் கேட்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

தொழிலில் செய்த தப்புதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. பஞ்சடைத்த பொம்மை என்றால் கடைசித் தையலை வெளியேயிருந்துதான் போட முடியும். மகள் என் மெஷின் பக்கத்திலேயே வளர்ந்தவள். தூசி தட்ட வந்தவள் அக்குளைத் தடவினாள். முடிச்சைத் தேடினாள். முடிச்சு உள்ளே இருந்தது. கை அப்படியே நின்றது. வலைக்கண்ணையே பார்த்தாள். பிறகு, முதுகைத் திருப்பாமல், பின்பக்கமாகவே நடந்துபோய்ப் பிள்ளையை வாரியெடுத்தாள்.

"அப்பா," என்றாள், மெதுவாக. "எத்தன நாளா?"

பொம்மை பேசுமா?

எல்லாம் நான்தான் செய்தேன், ஐயா. மறுக்கவில்லை. பேத்தி இன்னும் வாய் திறக்கவில்லையாம். கிட்டே வருகிற டாக்டர் கையையும் அமுக்கிப் பார்க்கிறாளாம். பயம் என்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கதை பாதியில் நிற்கிறது. முடிவு தெரியாமல் பிள்ளை எப்படிப் பேசும்? பொம்மையைக் கொடுத்து, ஒரே ஒரு சாயங்காலம் என்னை அவளிடம் அனுப்பிவையுங்கள்.