கம்பியில்லாத போஸ்ட்டில் சூடு

பின்னேரம் ஆறே முக்கால். ஹுன்னஸ்கிரிய டவுனைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ஒற்றை ரோடு. ஒரு வேன் ஓரங்கட்டி நிற்கிறது. மழை விட்டுவிட்டது. மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கின்றன... டப்... டப்...

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதையில்லை இது. அந்த வேனை ஓட்டிய ருஷ்தி என் மச்சினனோடு ஒரே வகுப்பில் படித்தவன். வேனில் இருந்த லைன்மேன் ராஜலிங்கம் அவனிடம் மட்டும் சொன்னது, அவன் வாயால் நான் கேட்டது.

ராஜலிங்கத்தின் கையில் ஒரு கேமரா. சாதாரணக் கேமரா இல்லை, சூட்டைப் படம் பிடிப்பது. ஊரெல்லாம் லைட் போடும் நேரத்தில்தான் லைனில் பாரம் ஏறும். எங்காவது ஜொயின்ட் பழுதாக இருந்தால் அது சூடேறும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் மஞ்சளாக எரியும். அதனால்தான் இருட்டும் நேரத்தில் இந்த வேலை.

அந்தத் தோட்டம் அவர் பிறந்த தோட்டம். ஆறு மாதமாக அந்தப் பக்கம் வேலை விழுந்தால் யாரிடமாவது மாற்றிக்கொள்வார். அன்று மாற்ற ஆள் கிடைக்கவில்லை.

அவருக்கு ஒரு தங்கச்சி. துஷ்யந்தி, அவருக்குப் பாப்பா. இவரைவிடப் பதின்மூன்று வயது இளையவள். பேராதனைக் கெம்பஸில் பௌதிகவியல் படித்து, மேற்படிப்பும் தொடங்கியிருந்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், அவர்களுடைய காம்பரா அறையில், அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு மேசை. அதில் பழைய கொம்பியூட்டர். அதை வைத்துக்கொண்டு அவள் என்னதான் தேடுகிறாள் என்று ஒருமுறை அவர் கேட்டார்.

"வேற உலகத்துல ஆளுங்க இருக்காங்களான்னு தேடுறேன் அண்ணே."

"அது எப்படித் தெரியும்? லைட் போடுவாங்களா?"

அவள் சிரித்தாள். "நம்மளவிடக் கெட்டிக்காரங்களா இருந்தா அவங்களுக்குக் கரண்டு நெறைய வேணும். ஒரு நட்சத்திரத்தையே சுத்தி மூடி, அதோட வெளிச்சம் பூராத்தையும் எடுத்துக்குவாங்க. வெளிய இருந்து பாத்தா இருட்டாத் தெரியும். ஆனா சூட்ட மறைக்க முடியாது அண்ணே. எவ்வளவு கரண்டு செலவழிச்சாலும் கடைசில அது சூடாத்தான் வெளிய வந்தாகணும். நீங்க போஸ்ட்ல தேடுறதத்தான் நான் வானத்துல தேடுறேன்."

"ஏதாச்சும் ஆம்பிட்டுச்சா?"

"பதினோரு நட்சத்திரம். வெளிச்சம் கம்மி, சூடு கூட. பாதி வெறும் தூசியாத்தான் இருக்கும். தூசியும் சூடாகும்ல..."

அந்தப் பதினொன்றையும் கணக்குப் போட்டுக் கெம்பஸுக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாளுக்கு முதல் நாள்தான் அந்த மழை. கார்த்திகை மாதம். மூன்று நாள் விடாமல் பெய்தது. கரண்டு லைன் விழுந்தது. மலைக்கு மேலே வெடிப்புக் கண்டிருக்கிறது, எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்கள் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். லயம் காலியாயிற்று. ராஜலிங்கம் அப்போது கீழே இதே ரோட்டில், அறுந்த லைனைச் சரிசெய்துகொண்டிருந்தார். போன் அடித்தது.

"அண்ணே, கொஞ்சம் கரண்டு குடுங்களேன். சீக்கிரம் முடிச்சிட்டு ஸ்கூலுக்குப் போயிருவேன்."

அவர் யோசித்தார். ஒரு நிமிசம் இருக்கும். பிறகு போஸ்ட்டில் ஏறி, லயத்துக்குப் போகும் லைனின் பியூஸைப் போட்டார். மேலே, இருட்டு மலையில், ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சமானது. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

அரை மணித்தியாலம். லொறியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கொட்டி முடியாத சத்தம்... பிறகு பச்சை மண் வாசம், முறிந்த டர்பன்டைன் மரத்தின் வாசம். அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் இல்லை.

மூன்றாம் நாள்தான் அவளை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

பியூஸ் போட்டதை ராஜலிங்கம் யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற தாயிடமும் சொல்லவில்லை. அம்மா ரத்தினம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடெடுத்தார். ஒரே வீட்டில் இருந்தும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட மாட்டார்கள்.

சரி... வேனுக்கு வருவோம்.

லயத்துக்கு ஏறும் கிளை லைனில் இப்போது கம்பி கிடையாது. மண்சரிவுக்குப் பிறகு கழற்றிவிட்டார்கள். வெறும் போஸ்ட் ஐந்து, மொட்டையாக நிற்கின்றன. ராஜலிங்கம் மெயின் லைனைப் படமெடுத்துவிட்டுத் திரும்பினார். கேமரா தற்செயலாக அந்தப் பக்கம் பட்டது.

முதல் போஸ்ட்டின் உச்சி... மஞ்சளாக இருந்தது.

கேமராவை இறக்கிவிட்டுப் பார்த்தார். இருட்டு. தூக்கிப் பார்த்தார். மஞ்சள். ஏணி வைத்து ஏறி டெஸ்டரை வைத்தார். கரண்ட் இல்லை. கையுறையைக் கழற்றித் தொட்டார். ஈர இரும்பு, ஐஸ் மாதிரி. இறங்கி வந்து மறுபடி பார்த்தார். இப்போது இரண்டாவது போஸ்ட்டும் மஞ்சள்.

"அண்ணே, மேல ஒருத்தரும் இல்ல. லைனும் இல்ல. எங்க போறீங்க?" என்று ருஷ்தி கூப்பிட்டான்.

அவர் கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தார். மூன்றாவது... நான்காவது... ஏறிக்கொண்டே இருந்தார். புல்லில் அட்டை. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஐந்தாவது போஸ்ட்டைத் தாண்டியதும் எல்லாத் தவளைச் சத்தமும் ஒரே தடவையில் நின்றது.

அங்கே லயம் இல்லை. சுவர் இல்லை. சரிந்த மண்ணில் முழங்கால் உயரத்துக்குப் புல். அவ்வளவுதான். கேமராவைத் தூக்கினார்.

மலை முழுக்கக் கருநீலம். நடுவில் ஒரு காம்பரா அளவுக்குச் சூடு. நாலு மூலையும் தெரிந்தது. அதற்குள், மேசை இருந்த இடத்தில், கூனி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவம். சூட்டை அளக்கும் நடுக்குறியை அதன்மேல் வைத்தார். முப்பத்தேழு பாகை. உயிரோடு இருக்கிற உடம்பின் சூடு.

"பாப்பா..."

உருவத்தின் தலை மட்டும் மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.

ராஜலிங்கம் ஓடவில்லை. அப்படியே மண்ணில் முழங்காலிட்டார். "நான் அந்தப் பியூஸப் போட்டிருக்கக் கூடாது பாப்பா. கரண்டு இல்லேன்னா நீ போயிருப்ப. நான் போட்டிருக்கவே கூடாது..."

கேமராவில் மஞ்சள் சிவப்பாயிற்று. சிவப்பு ஊதாவாயிற்று. முப்பது... இருபத்தைந்து... பதினெட்டு... பிறகு அந்த இடமும் மலையும் ஒரே நிறம். தவளைகள் மறுபடி கத்தின. இருட்டில் உட்கார்ந்து, ஆறு மாதத்து அழுகையையும் அவர் அங்கேயே அழுது தீர்த்தார். ருஷ்தி டோர்ச் அடித்துத் தேடி வந்து, தோளைப் பிடித்துக் கூட்டிப்போனான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சோற்றைப் போட்டு வைத்தார். ராஜலிங்கம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"அம்மா, அன்னைக்கு லயத்துக்குக் கரண்டு குடுத்தது நான்தான். தங்கச்சி போன் பண்ணிக் கேட்டுச்சு."

ரத்தினம்மா சோற்றுக் கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"தெரியும் தம்பி. அவ என்னோட வர்றேன்னுதான் பையத் தூக்குனா. நான்தான்டா நிப்பாட்டுனேன். ‘அண்ணனுக்குப் போன் போடு, அவன் குடுப்பான், இத்தன வருசம் படிச்சத முடிச்சிட்டு வா’ன்னேன். நான் சொல்லித்தான்டா கேட்டா..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒங்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல், அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ராஜலிங்கம் பாய் போட்டுப் படுத்தார். கேமரா பையோடு அடுத்த அறையில் ஆணியில் தொங்கியது.

மறுநாள் வேலைத்தலத்தில் ருஷ்திதான் படங்களைக் கொம்பியூட்டரில் இறக்கினான். மெயின் லைன் படங்கள் சரியாக இருந்தன. மொட்டைப் போஸ்ட்கள் வெறும் நீலம். மலை வெறும் நீலம். ஒன்றுமே பதிவாகவில்லை.

கடைசியில் ஒரு படம் மிச்சம் இருந்தது.

"அண்ணே... இத யாரு எடுத்த?"

விடியப்புறம் இரண்டு நாற்பது என்று நேரம் போட்டிருந்தது. கூரையடியிலிருந்து கீழே பார்த்து எடுத்த மாதிரி. கட்டிலில் ஒரு மஞ்சள் உருவம், பாயில் ஒரு மஞ்சள் உருவம். அம்மாவும் மகனும் தூங்குகிறார்கள். அவ்வளவு தெளிவு.

ஒரு மூலையை மட்டும் விரல் மறைத்திருந்தது. கேமரா பிடித்துப் பழகாதவர்களுக்கு அப்படி ஆகும். ருஷ்தி அந்த விரலின் மேல் குறியை வைத்துப் பார்த்தான்.

அறையின் சூடு இருபத்திரண்டு பாகை.

விரல்... நான்கு பாகை.