ஆட்டுக்கொம்பு சைக்கிள்

பழைய சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது, சார். அடித்தால் பளிச்சென்றுதான் இருக்கும், கல்யாண வீட்டுக்கு மீசையில் மை தடவிக்கொண்டு வருகிற கிழவரைப் போல. யாரை ஏமாற்ற? நீங்கள் பாலக்காட்டுக்காரர் என்று ஸ்டேஷன் வாசலில் நின்ற போலீஸ்காரர் சொன்னார். அதனால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் பேசினால் எனக்கு மரியாதை கூடிவிடும், விஷயம் குறைந்துவிடும்.

என் பெயர் சுப்புராஜ். மட்டாஞ்சேரியில் சந்து முனையில் இஸ்திரிக் கடை. கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். அடுத்தவன் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பவன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நான் எங்கேயும் நுழைவதில்லை. துணி தானாக வந்து சொல்லிவிட்டுப் போகிறது. எங்கள் தெரு அசோசியேஷன் செக்ரட்டரி வெள்ளிக்கிழமைதோறும் எர்ணாகுளத்தில் மீட்டிங் என்கிறார், சட்டைப்பையில் சினிமா டிக்கெட் இரண்டு இருக்கிறது. அவர் மனைவிக்குச் சினிமா பிடிக்காது. நான் என்ன, கண்ணைக் கட்டிக்கொண்டா தேய்க்க முடியும்?

மாரிச்செல்வம் அண்ணாச்சி வீடு என் கடைக்கு நேர் எதிரே. கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காளியம்மாள் மதினி, மகள் சுபாஷிணி, பேத்தி தன்யா. வீட்டில் நான்கு பேர், ஐந்தாவது அந்த வண்டி. ஹாண்டில் முன்னால் போய் வளைந்து கீழே இறங்கும். அதனால் தெருவில் அதற்கு ஆட்டுக்கொம்பு சைக்கிள் என்று பெயர். அண்ணாச்சி வாலிபத்தில் வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் சமையல்காரனிடம் வாங்கியது. அன்றிலிருந்து அவரைத் தவிர வேறு ஆள் அதில் ஏறியதில்லை. நிறம் பச்சை என்று எழுதிவிடாதீர்கள். பாசிப்பச்சை. குழாயில் மெல்லிய பொன் கோடு.

அதன் அருமை எனக்கு முதலில் தெரியாது. சொல்லிக் கொடுத்தவன் சுள்ளிக்கல் அனூப். ஞாயிற்றுக்கிழமை காலையில் உடம்போடு ஒட்டின உடுப்புப் போட்டுக்கொண்டு கூட்டமாகச் சைக்கிள் மிதிக்கிறார்களே, அந்தக் கூட்டம். அந்த உடுப்பைத் தேய்த்தால் உருகிவிடும். அதனால் அவனைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஒருநாள் அண்ணாச்சி வாசலில் குந்தி உட்கார்ந்து வண்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சுப்புராஜண்ணா, இது எந்தா சாதனம்னு தெரியுமா?"

"பழைய சைக்கிள்."

"பழைய, விலை கொறஞ்ச சைக்கிள். அதாக்கும் இதோட கெத்து."

அவன் விளக்கின விதம் எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் பணக்காரன் வாங்கிய பந்தய வண்டியை ஓட்டியே முறித்துவிட்டான், அல்லது கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்துவிட்டான். இது வேலைக்குப் போகிறவன் வாங்கியது. பகட்டான சாமான் ஒன்றும் கிடையாது, ஆனால் குழாய் நல்ல எஃகு. குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் கையால் பற்றவைத்த சின்னப் பூவேலை. கியர் மாற்றுகிற இரண்டு குச்சியும் கால் நடுவே குழாயிலேயே இருக்கும், கழன்றால் நாமே முடுக்கலாம். இன்று அதே காசுக்குப் புதுசு வாங்கினால் கனத்த இரும்பு கிடைக்கும், ஒரு மழைக்காலம் தாங்காது. இது இத்தனை மழையைத் தாங்கியிருக்கிறது. ஒவ்வொரு கீறலும் அதன் சொந்தக் கீறல். பெயின்ட் போனால் எல்லாம் போச்சு.

"அந்தச் சேட்டன் உள்ள காலம் வரைக்கும் இதுக்கு ஒண்ணும் பேடிக்க வேண்டாம்," என்றான்.

அங்கேதான் அனூப் தப்புக் கணக்குப் போட்டான். பயப்பட வேண்டிய ஆளே அந்தச் சேட்டன்தான்.

மழை தொடங்குகிற சமயம் அண்ணாச்சி என் கடைக்கு வந்து சொன்னார். பேத்தி ஹைஸ்கூல் போகிறாளாம். "ரோஸ் கலர் அடிச்சு, ஹாண்டில நேராக்கி, முன்னால கூடையும் வச்சுக் குடுக்கப் போறேன்டே."

நான் தேய்த்துக்கொண்டிருந்த வேட்டி கருகியது. என் தொழிலில் அதுவே முதல் தடவை. அதிலிருந்து என் மனநிலையைப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் பேசித்தான் பார்த்தேன். "ஒனக்கென்னடே நோவுது? சைக்கிள் என்ன ஒம் பெண்டாட்டியா?" என்றார். தன்யாவிடம், ரோஸ் வண்டியில் போனால் பையன்கள் கேலி செய்வார்கள் என்றேன். "மாமா, போய்ச் சட்டையத் தேயுங்க" என்றாள். அண்ணாச்சி பேசி வைத்திருந்த தோப்பும்படி பெயின்டர் ஒரு குடிகாரன் என்று கிளப்பிவிட்டேன். "குடிச்சாத்தான் அவனுக்குக் கை நிக்கும்" என்று அண்ணாச்சி அவனுக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை என்று முடிவாயிற்று.

அப்போதுதான் எனக்கு அந்தச் சாதாரண விஷயம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஆட்களில் சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை பெயின்ட் அடிப்பதில்லை. வீட்டுக்கும் இல்லை, வண்டிக்கும் இல்லை. வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். யாராக இருந்தாலும் போதும். தன்யாவைப் பற்றி நான் யோசிக்கவில்லை. குழந்தை அல்லவா, அதிக நேரம் யோசிக்கவில்லை.

எடுத்த எடுப்பில் ஒருவர் உயிருக்கு உலை வைக்கிற ஆள் இல்லை நான். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். முதலில் போஸ்டர்தான் ஒட்டினேன். நம் ஊரில் ஒருவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னால் பாதிப் பேர் நம்புவார்கள். கரண்டுக் கம்பத்தில் படம் போட்டு ஆதராஞ்சலிகள் என்று ஒட்டினால் எல்லோரும் நம்புவார்கள். பிரிண்டிங் கடை அல்தாஃப் இரண்டே கேள்விதான் கேட்டான், படம் எங்கே, வயசு என்ன. ரேஷன் கார்டுக்கு எடுத்த அண்ணாச்சியின் படம் ஒன்று அவர் சட்டைப்பையோடு எப்போதோ என்னிடம் வந்திருந்தது.

காலையில் அண்ணாச்சி வழக்கம்போல் சாயா குடிக்க வந்தார். தன் படத்துக்கு நேர் கீழே வந்து நின்றார். சாயாக்கடை அபூபக்கர் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"சாயா எடுக்கவா அண்ணாச்சி, இல்லேன்னா..." என்று பாதியில் நிறுத்திவிட்டார்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். "செத்தவனுக்காவது நல்ல போட்டோ போடப் பிடாதாடே? எலி மாதிரில்லா இருக்கேன்."

அதற்குள் அசோசியேஷன்காரர்கள் நீலத் தார்ப்பாயும் பிளாஸ்டிக் நாற்காலியும் இறக்கிவிட்டார்கள். இறக்கினதைத் திருப்பி அனுப்பினால் வாடகை வீண் என்று செக்ரட்டரிக்கு வருத்தம். சாயங்காலம் வரையாவது வீட்டுக்குள்ளேயே இருக்க முடியுமா என்று அண்ணாச்சியிடம் பணிவாகக் கேட்டுப் பார்த்தார். போர்ட் கொச்சியிலிருந்து வந்த பழைய சிநேகிதர் ஒருவர், அழுது முடித்த பிறகுதான் அண்ணாச்சி பக்கத்து நாற்காலியில் இருப்பதைக் கவனித்தார். கோபித்துக்கொண்டு போய்விட்டார். வந்த மலர்வளையத்தை அண்ணாச்சி ஆட்டுக்கொம்பில் மாட்டிக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றினார். ஜனம் கைதட்டியது. வளையத்தின் கம்பி ஹாண்டிலில் உரசியதை நான் ஒருவன்தான் பார்த்தேன்.

"உயிரோட இருக்கவனச் செத்தான்னு சொன்னா ஆயுசு கூடும்," என்று மதினி திருஷ்டி சுற்றிப் போட்டாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் நம்புகிறேன். அப்படிப் பார்த்தால் அவருக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுத்தவன் நான். கூட்டிக் கொடுத்தவனுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள உரிமை கிடையாதா என்று எனக்குத் தோன்றியது. நியாயமாகத்தான் தோன்றியது.

பெயின்ட் அதே திங்கட்கிழமைதான் என்று அண்ணாச்சி உறுதியாகச் சொல்லிவிட்டார்.

பிரேக் கம்பியைத் தளர்த்துவதுதான் சுலபம். ஆனால் அவர் விழுந்தால் வண்டியும் விழும், முன்குழாய் வளைந்துவிடும். அப்புறம் இத்தனையும் எதற்கு? அதனால் அவர் வண்டியை விட்டு இறங்கி நிற்கிற இடமாகப் பார்த்தேன். போட் ஜெட்டிக்கு இப்பால் பழைய மிளகுக் கிட்டங்கிக்குப் பின்னால் காயலில் இறங்குகிற படி இருக்கிறது. சில காலைகளில் அங்கே வள்ளத்தில் மீன் வரும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கஞ்சி வாளியைக் கொண்டுபோய் அந்தக் கடைசிப் படிகளில் கழுவினேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. பாசியின் மேல் அரிசிக் கஞ்சி பட்டால் என்ன ஆகும் என்று என் தொழிலில் உள்ள எவனுக்கும் தெரியும். பிறகு வந்து, கரிமீன் துடிக்கத் துடிக்க வந்திருக்கிறது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். கரிமீன் என்றால் அவர் சட்டைகூடப் போடாமல் கிளம்பிவிடுவார். நானும் பின்னாலேயே போனேன், படித்துறையில் வண்டியை விட்டு இறங்கினார்.

"வண்டியப் பிடிடே, ஸ்டாண்டு கெடையாதுல்லா," என்றார். அந்த வகை வண்டிக்கு ஸ்டாண்ட் இருக்காது, கனம் கூடும் என்று வைக்க மாட்டார்கள். அவர் கொடுத்தார், நான் இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்தேன்.

"வள்ளம் எங்கடே?"

"கடைசிப் படியில நின்னு பாருங்க அண்ணாச்சி. அந்த வளைவுல நிக்கி."

அவருக்கு நீந்தத் தெரியாது. ஒரு சின்னச் சத்தம்தான். "கையக் குடுடே சுப்புராஜு," என்றார். மறுபடியும் "கையக் குடு" என்றார். அந்தத் தடவை என் பெயரைச் சொல்லவில்லை, மூச்சை மிச்சம் பிடித்திருப்பார். என் இரண்டு கையும் வண்டியில் இருந்தன. கீழே கிடத்தலாம்தான். ஆனால் படித்துறை சரிவு. கியர் இருக்கிற பக்கம் சாய்ந்தால் பல் வளைந்துவிடும்.

கால் வழுக்கி விழுந்தார் என்று ஊரே சொன்னது, நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். போஸ்டருக்குத் தேதி மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. "அண்ணே, இந்தத் தடவ உறப்பா, நெசந்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் அல்தாஃப் மெஷினைப் போட்டான். நீலத் தார்ப்பாய் மறுபடி வந்தது. செக்ரட்டரியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. துக்கத்துக்கு வந்த வெள்ளை வேட்டி எல்லாவற்றையும் நான்தான் தேய்த்தேன்.

எனக்கு அந்த வண்டியின் மேல் ஆசை என்று நினைக்காதீர்கள். எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. அது அதுவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காரியம் நேற்று முடிந்தது. இலையெடுத்ததும் மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அவரு கடைசியா ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான். வண்டிக்கு ரோஸ் கலரு. அத நாளைக்கே செஞ்சிரணும்." செத்தவர் ஆசை என்று ஆன பிறகு அதை யாரால் தடுக்க முடியும்? உயிரோடு இருந்திருந்தால்கூட இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்திருக்கலாம்.

அதனால்தான் விடிந்ததும் வண்டியை உருட்டிக்கொண்டு இங்கே வந்தேன். கொலை வழக்கில் தொண்டி, அதாவது சாட்சிப் பொருள், என்று ஆகிவிட்டால் கோர்ட்டைத் தவிர யாரும் அதில் கைவைக்க முடியாது என்று கேள்விப்பட்டேன். எனக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். வண்டியை மட்டும் முற்றத்தில் மழையில் விடாமல் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

படித்துறைப் பக்கத்தில் வண்டியைச் சாய்த்து வைக்க ஒரு சுவர்கூடவா இல்லை என்று கேட்கிறீர்கள். இருந்தது, சார். கை எட்டுகிற தூரத்தில், கிட்டங்கியின் சுவர். பூசாத, சொரசொரத்த வெட்டுக்கல். அதில் சாய்த்தால் அந்தப் பொன் கோடு என்ன ஆவது?