வாஷிங் மெஷின் பார்க்க வந்த செவிலி

இந்த மண்டபத்திலேயே ஆடாத ஒரே நாற்காலியில் அமர்ந்து அவையை ஆண்டுகொண்டிருக்கும் தலைவர், புற்றுநோய்ப் பிரிவின் தலைமை மருத்துவர் ஐயா அவர்களே. அவருக்கு இடப்புறம் அமர்ந்து, நான் ஒலிபெருக்கியைத் தொடும் முன்பே இரண்டு முறை கைக்கடிகாரம் பார்த்துவிட்ட நிர்வாக அதிகாரி அவர்களே. எனக்கு முன்னால் பேசி, நான் பேச வைத்திருந்ததில் பாதியைப் பேசிவிட்டுப் போன மயக்கவியல் மருத்துவர் அவர்களே. முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே. பிள்ளை பெற்ற தாய்மாரே, பெறாமலே ஒரு வார்டு முழுவதையும் பிள்ளையாய்ப் பார்த்துக்கொண்ட தாய்மாரே. தேநீர் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் என் வார்டுத் தோழர்களே. உங்கள் அனைவருக்கும், வாசல் தேடி வந்து வலி தணிக்கும் பிரிவின் வீட்டுச் செவிலி வணங்கிச் சொல்லும் வணக்கம்.

என் பெயர் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் 'கடைசி அக்கா' என்றால் எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பது ஆண்டாக அதுதான் என் பட்டம். நான் வார்டுக்குள் நுழைந்தால் திரைகள் இழுபடும், பேச்சுகள் தடைபடும், தும்மிக்கொண்டிருந்தவர்கூடத் தும்மலை நிறுத்திவிட்டு 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்பார். போன மாதம் ஸ்டேப்ளர் கேட்டு எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போனேன். காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த ஒருவர் என்னைப் பார்த்தார். எழுந்தார். நடந்தார். எலும்பு மருத்துவர் ஆறு வாரமாகச் செய்ய முடியாததை ஆறே நொடியில் செய்து முடித்தேன். ஒரு நன்றி வந்ததா? ஸ்டேப்ளர்கூட வரவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எங்கள் பிரிவில் சிரிப்புக்குத் தடையில்லை, படிவம் மட்டும் நிரப்பவேண்டும்.

நான் கேட்க வந்தது என்ன? சம்பள உயர்வா? இல்லை. புது வண்டியா? இல்லை, பழைய வண்டியில் இரண்டு கதவு இன்னும் திறக்கிறது. ஆளா? நூற்றெண்பது வீட்டுக்கு மூன்று செவிலியர். 'களைத்துப் போனோம், ஆள் தாருங்கள்' என்று போன ஆண்டு கேட்டோம். ஆளுக்குப் பதிலாக 'மனச்சோர்வு நீக்கும் பயிலரங்கு' தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. வாரத்தில் இருந்த ஒரே விடுமுறையைக் கொடுத்துவிட்டு, சோர்வோடு சான்றிதழையும் சுமந்துகொண்டு வீடு திரும்பினோம். நிர்வாக அதிகாரி அவர்கள் இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கவனியுங்கள்.

நான் கேட்க வந்தது ஒரே ஒரு கடிதம். நோயாளியை எங்கள் பொறுப்பில் ஒப்படைக்க மருத்துவர் எழுதும் அந்த ஒற்றைக் கடிதம். அதை முன்னால் எழுதுங்கள், முன்கூட்டி எழுதுங்கள், முடியும் தருவாயில் எழுதாதீர்கள் என்று கேட்க வந்தேன். பத்தொன்பது ஆண்டில் அந்தக் கடிதத்தோடு நான் போய்ப் பார்த்தவர்களில், எழுந்து நடமாடிக்கொண்டிருந்தவர் ஒருவர்கூட இல்லை. தாமதமாக வரும் கடிதம் என்ன செய்யும்? அதை ஒரு வீட்டின் கதையால் சொல்கிறேன். அந்த வீட்டு அம்மாவே சொல்லச் சொல்லி அனுமதி தந்த கதை இது.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர். நோய் தெரிந்து நான்கு மாதம் கழித்து எங்களுக்குக் கடிதம் வந்தது. மூன்றாவது மாடி, மருந்துப் பையோடு மூச்சு வாங்க ஏறினேன். வாசலிலேயே அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, கையை விரித்து மறித்தார்.

"மேடம், நீங்க யாருன்னு மாமாகிட்ட சொல்லக் கூடாது. நோயோட பேரைக் கேட்டாலே உயிர விட்டுடுவாரு. அக்காவுக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப நான் யாரு?"

மனிதர் ஒரு நொடி யோசித்தார். "வாஷிங் மெஷின் பார்க்க வந்திருக்கீங்க."

தாய்மாரே, தலைவரே, பட்டம் படித்தேன், பயிற்சி முடித்தேன், பத்தொன்பது ஆண்டு பணி செய்தேன், எதற்கு? வாஷிங் மெஷின் பார்ப்பதற்கு. சரி, மெஷின் குளியலறையில் இருக்கிறது. படுத்திருப்பவரை எப்படிப் பார்ப்பது? 'வயர் அந்த ரூம் வழியாப் போகுது' என்றார் மைத்துனர். நாடி பார்ப்பது எப்படி? 'ஷாக் அடிச்சிருக்கான்னு பாருங்க' என்றார். இரண்டாம் முறை எங்கள் மருத்துவரும் என்னோடு வந்தார். அவரைப் பெரிய மெக்கானிக் என்று அறிமுகம் செய்தார்கள். பாவம், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். மெஷினுக்குள் என்ன சத்தம் என்று கேட்பதற்காம்.

பொய் பரவும் வேகத்தில் புகழும் பரவியது. மேல்மாடிக்காரம்மா படியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "எங்க மெஷின்லயும் தண்ணி ஒழுகுது, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்றார். மறுத்தால் குட்டு உடைந்துவிடும். போனேன். பார்த்தால் குழாய் கழன்றிருக்கிறது. எனக்குக் குழாய் புதிதா? எத்தனை குழாய் போட்டிருப்பேன், எத்தனை குழாய் எடுத்திருப்பேன்? இரண்டே நிமிடத்தில் சரிசெய்தேன். என் பணிக்காலத்தில் முழுக் குணமடைந்த ஒரே நோயாளி அந்த மெஷின்தான்.

மூன்றாம் முறை போனபோது நடத்துநர் அறையில் தனியாக இருந்தார். "உக்காருங்க சிஸ்டர்" என்றார்.

"நான் மெஷின்..."

"முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியப் பார்த்தவன் நான். நீங்க உள்ள வரும்போதே தெரிஞ்சிடுச்சு. எனக்கு என்ன நோயின்னும் தெரியும். ஆனா என் சம்சாரத்துக்குத் தெரியக் கூடாது. அவ தாங்க மாட்டா."

தலையாட்டிவிட்டுச் சமையலறைப் பக்கம் போனேன். அந்த அம்மா குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் பேசினார். "எனக்கு எல்லாம் தெரியும் சிஸ்டர். அவருக்குத் தெரியக் கூடாது. எனக்குத் தெரியும்னு தம்பிக்கும் தெரியக் கூடாது."

எண்ணிப் பாருங்கள். வீட்டில் மூன்று பேர். மூவருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவருமில்லை. ஆனாலும் மூன்று மூலையில் மூன்று கிசுகிசு. அழுகை வந்துவிடும் என்று மனைவி அந்த அறைக்குள் நிற்பதேயில்லை. தண்ணீர் வைப்பார், திரும்பிவிடுவார். அவள் அழக் கூடாது என்று கணவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். 'பழக்கமாயிடும்' என்று மைத்துனர் வலிக்கான மார்ஃபின் மாத்திரையைப் பீரோவில் பூட்டி, நான் மூன்று சொன்னால் ஒன்று கொடுப்பார். எழுபத்தொரு வயதில், எழுந்து உட்கார முடியாதவர், எதற்குப் பழகி எங்கே ஓடப்போகிறார்? நடத்துநர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "வலியக்கூடப் பொறுத்துக்கலாம். அவ என் பக்கத்துல உக்காந்து ஒரு மாசம் ஆச்சு சிஸ்டர்."

உடைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒருவர் சொன்ன இரகசியத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் பணியின் முதல் விதி. ஆனால் எங்கள் பிரிவுக்கு ஒரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு வீட்டுக் கோப்பிலும் முதல் பக்கத்தில், யாருக்கு என்ன தெரியும், யாருக்கு எது தெரியாது என்று எழுதி வைப்போம். அடுத்து வரும் செவிலி உளறிவிடக் கூடாதே. அந்த வீட்டுப் பக்கத்தை எழுத எனக்கு மூன்று நிறப் பேனா தேவைப்பட்டது. இவருக்குத் தெரியும், ஆனால் அவருக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியாது. அம்புக்குறி, அம்புக்குறிமேல் அம்புக்குறி.

அந்தக் கோப்பை, அவையோரே, அந்தக் கோப்பை நான்காம் முறை போனபோது வாஷிங் மெஷின்மேல் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வண்டியில் பாதி வழியில் நினைவு வந்தது. ஓட்டுநரிடம் "திருப்புங்க" என்ற குரல் என் குரல்போலவே இல்லை. மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறினேன். வேலை போகும், அது போகட்டும், வீடே உடைந்திருந்தால்? கதவு திறந்திருந்தது. அறைக்குள் கட்டில் ஓரத்தில் அந்த அம்மா. மடியில் என் கோப்பு. சுவரோரம் மைத்துனர், கையில் பீரோச் சாவி.

நடத்துநர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்ன சிஸ்டர் இது, இத்தனை அம்புக்குறி. எங்க டிப்போ ரூட் மேப்கூட இவ்வளவு குழப்பமா இருந்ததில்ல."

அந்த அம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது. "ஏங்க என்கிட்ட சொல்லல?"

"நீ தாங்க மாட்டேன்னுதான்."

"முப்பத்தாறு வருஷமா உங்களையே தாங்கியிருக்கேன். இதைத் தாங்க மாட்டேனா?"

மைத்துனர் சாவியை என் கையில் வைத்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். ஊரையே ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்த மனிதர், ஒருவரைக்கூட ஏமாற்றவில்லை என்று தெரிந்ததும் தேம்பித் தேம்பி அழுதார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குக் கிடைத்தது ஒன்பது நாள். மாத்திரை நேரத்துக்குப் போனது, வலி அடங்கியது, அவர் நிஜமாகவே தூங்கினார். விழித்திருந்தபோது இருவரும் என்ன பேசினார்கள்? தத்துவமா? இல்லை. சண்டை போட்டார்கள். கல்யாணமான புதிதில் குடையைத் தொலைத்தது யார் என்று இரண்டு நாள் சண்டை. நான் போனபோதெல்லாம் ஆளுக்கொரு பக்கம் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். பத்தாம் நாள் அவர் போனார். கை அவர் மனைவியின் கைக்குள் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து நான் விடைபெற்றபோது அந்த அம்மா கேட்டார்: "நீங்க மூணு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமே சிஸ்டர்."

என்ன சொல்வேன்? கடிதம் வரவில்லை என்றா? கடிதம் எழுத நேரமில்லை என்றா? எனக்குக் கோபம் வந்தது, அவையோரே. இன்னும் இருக்கிறது. குடைச் சண்டைக்கு மூன்று மாதம் கிடைத்திருக்க வேண்டிய இருவருக்கு நாம் ஒன்பது நாள் கொடுத்தோம்.

தலைவர் ஐயா அவர்களே, நீங்கள் ஏன் தாமதிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டால் கைவிட்டதாக ஆகிவிடும் என்று நினைக்கிறீர்கள். கைவிடுவதல்ல ஐயா, கைகோப்பது. நீங்கள் சிகிச்சையைத் தொடருங்கள்; நாங்கள் வலியைப் பார்க்கிறோம். நீங்கள் நோயோடு போராடுங்கள். நாங்கள் அந்த வீட்டின் வாயைத் திறந்துவைக்கிறோம். எங்களை முடிவுக்கு அழைக்காதீர்கள், முன்னால் அழையுங்கள். மெக்கானிக்காக அழைக்காதீர்கள், எங்கள் பேரைச் சொல்லி அழையுங்கள். கடிதம் எழுதுங்கள், காலத்தில் எழுதுங்கள், கண்திறந்திருக்கும்போது எழுதுங்கள்.

இதோ, தலைவர் ஏதோ எழுதிவிட்டார். துண்டுச்சீட்டு வருகிறது. நிர்வாக அதிகாரி வாங்கித் தருகிறார், முகத்தில் அப்படியொரு நிம்மதி. புரிகிறது, போதும் இறங்கு என்கிறார்கள். ஒளிப்பானேன், உரக்கவே வாசிக்கிறேன்.

'நாளைக் காலை எட்டு மணிக்கு என் வார்டுக்கு வாருங்கள், கடிதம் தருகிறேன். படுக்கை எண்...' எண்ணை வாசிக்க மாட்டேன், முறையல்ல. 'ஆனால் படுக்கையில் போய்த் தேட வேண்டாம். அந்நேரம் அவர் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருப்பார்.'

ஐயா.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். இல்லை, வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறேன். பேச எழுதிவந்ததில் இன்னும் நான்கு பக்கம் இருக்கிறது, அது இருக்கட்டும். பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், சிரித்துக் கேட்ட தாய்மார்க்கும், தேநீரைத் தள்ளிவைத்துக் கேட்ட தோழர்க்கும் என் நன்றி. அனைவர்க்கும் வணக்கம். ஐயா, எட்டு மணிக்கு அல்ல, ஏழரைக்கே தாழ்வாரத்தில் நிற்பேன்.