பக்கத்து வீட்டுக் கல்

எனக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம் ஐயா. வயதாகிவிட்டது, வாயைக் கட்டத்தான் வேண்டும். நீங்கள் குடியுங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன்.

பூமியின் மேலோட்டில் இரண்டு பெரும் பாறைத் துண்டுகள் ஒன்றையொன்று உரசியபடி எதிரெதிராக நகர்ந்த இடங்கள் உண்டு. அந்த உரசல் கோட்டை ஒட்டி கிரானைட் வரிசையாகக் கிடக்கும். அது வெகு ஆழத்திலிருந்து உருகி ஏறி வந்தது என்பது என் கட்சி. பாடப்புத்தகத்தில் என் பெயரோடு இருக்கிறது. புருஷன், பிள்ளைகுட்டி எல்லாமே எனக்கு அந்த ஒரு பக்கம்தான்.

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவள் என்னை வாய் நிறைய அக்கா என்றாள். கெட்டிக்காரி. கல்லைக் கரைத்து அளந்தால், அதிலுள்ள தனிமங்களின் விகிதம் அது எங்கே உருகியது என்று காட்டிக்கொடுத்துவிடும். அளந்தவள், எல்லோரும் தேநீர் குடிக்கையில் சொன்னாள்.

“அக்கா, ஆழத்துலேருந்து வந்த மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சீங்களே, அவன் பக்கத்து வீட்டுப் பையன்க்கா! அங்கேயே கிடந்த பழைய பாறைதான் உருகியிருக்கு.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“இன்னொரு தடவை கரைச்சுப் பாரும்மா” என்றேன். சின்னப் பெண், அவசரப்பட்டு எழுதிவிட்டு அப்புறம் அவமானப்படக் கூடாதே.

கிரானைட்டைக் கரைக்கும் அமிலம் கண்ணாடியையே தின்னும். தோலில் பட்டால் உடனே வலிக்காது. உள்ளே இறங்கி எலும்பைத் தேடிப் போகும். அதற்கென்று ஒரு களிம்பு அலமாரியில் இருக்கும். காலாவதியாகிவிட்டது என்று அதை, அவள் மறுபடி கரைப்பதற்கு முன்தினம் எடுத்து என் மேசைக்குள் போட்டேன். அவள் அளவுக் கையுறை தீர்ந்திருந்தது, என்னுடையதைக் கொடுத்தேன். விரல் நுனியில் சின்ன ஓட்டை. பழைய பொருள் என்றால் அப்படித்தான்.

“அக்கா, கையுறைக்குள்ள ஈரமா இருக்கு. களிம்பு எங்கேக்கா?”

“அங்கேதான் இருக்கும், நல்லாத் தேடும்மா.”

தேடினாள்.

ஆம்புலன்ஸில் அவள் தலையைத் தடவிக்கொண்டே போனேன். மூன்று விரல்களை எடுத்தார்கள். “நீங்க இல்லேன்னா செத்திருப்பேன்க்கா” என்று இன்றும் சொல்கிறாள்.

பாதியில் நின்ற சோதனையை நானே முடித்தேன். அவளுக்கு வந்த அதே எண்தான் வந்தது. கரைசலைக் கொட்டிவிட்டேன்.

களிம்பு காலாவதி என்றுதான் எடுத்து வைத்தேன் ஐயா. என் மேசையிலிருந்து எடுத்த களிம்புக் குழாயைத் திருப்பித் தேதியைப் படிக்கச் சொல்கிறீர்கள். கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்து தெரியாதே. ஏன் என் மூக்கையே பார்க்கிறீர்கள்?

ஆமாம், போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.