குழாயடியில் விழுந்த சீலி

...முகத்தைப் பார்த்தாலே தெரியுது, இவ்வளவு நேரம் பிரசங்கத்துல பேசினது உங்களுக்குள்ள இன்னும் இறங்கல. சரி, சின்னதா ஒரு கதை சொல்லுதேன். பின்னாடி பெஞ்சுல அந்த போனைக் கொஞ்சம் கவுத்து வைங்கய்யா... ஆங். சிரிக்கிற கதை இல்ல இது, முதல்லயே சொல்லிட்டேன்.

ஜெயசீலின்னு ஒரு பொண்ணு. உடன்குடிப் பக்கம் ஒரு ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. புருஷன் தாசன், வெல்டிங் கடை வச்சிருக்கான். மாமியார் எப்சிபாய். தங்கமான மனுஷிதான், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு நாள் காலையில சீலி தெருக்குழாயில தண்ணி பிடிச்சு, குடத்தைத் தூக்கி இடுப்புல வச்சா. ஒரு எட்டு எடுத்து வச்சா... விழுந்துட்டா. முட்டிக்கு மேல தொடை எலும்பு ஒடிஞ்சு போச்சு.

குழாயடின்னா பாசி இருக்கும்ல? பார்த்தவங்க என்ன சொல்லுவாங்க? வழுக்கிட்டா! வேற என்ன?

அந்தப் பிள்ளை தரையில கிடந்துக்கிட்டே சொல்லுது: "அத்தை, நான் வழுக்கல அத்தை. கால்ல மளுக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அதுக்கு அப்புறந்தான் விழுந்தேன்."

மாமியார் விடுவாளா? "ஏட்டி, பாசியில காலை வச்சுட்டு வழுக்கலைன்னா சாதிக்க? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

தூக்கிட்டுப் போனாங்க. எங்க? கட்டு போடுறவர்கிட்ட. முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்தமாவையும் குழைச்சுப் பூசி, மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டுவாரு. அவர் கேட்டாரு, "எப்படி ஒடிஞ்சுது?" அந்தப் பிள்ளை வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி தாசன் முந்திக்கிட்டான். "வழுக்கி விழுந்துட்டா அண்ணாச்சி." அவரும் கட்டுனாரு. அவரைக் குத்தம் சொல்லி என்ன செய்ய? அவருக்குச் சொன்னது அவ்வளவுதான்.

பார்க்க வந்த சொந்தக்காரங்க, ரொட்டியும் ஆரஞ்சுமா வருவாங்க. வந்ததும் கேள்வி: "எப்படிம்மா விழுந்த?" சீலி சொல்லுவா, "முதல்ல சத்தம் கேட்டுச்சு சித்தி..." அதுக்குள்ள மாமியார் அடுப்படியில இருந்து குரல் கொடுப்பா, "ஆமா, சத்தம் கேட்டுச்சாம்! குடம் விழுந்த சத்தமா இருக்கும்!" எல்லாரும் சிரிப்பாங்க. கட்டு மாத்த மாத்த வீக்கம் ஏறுது. "அசைச்சிருப்பா"ன்னு அதுக்கும் அவளுக்குத்தான் ஏச்சு. எண்ணெய் போட்டு நல்லா உருவி வேற விட்டாங்க.

ஒரு நாள் பக்கத்து வீட்டு மைனி வந்து கேட்டா, "எப்படி சீலி விழுந்த?"

சீலி சுவத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னா, "வழுக்கிட்டேன் மைனி."

...கவனிச்சீங்களா? சொல்லிச் சொல்லிப் பார்த்தா. யாரும் காதுல வாங்கல. உண்மையைச் சொல்லுறதையே விட்டுட்டா. அன்னைக்கு அந்த வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி. "இப்பவாவது ஒத்துக்கிட்டாளே!"

வீக்கம் பளபளன்னு ஆனதும் பயந்துபோயி திருநெல்வேலியில ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. எலும்பு டாக்டர் ஒரு அம்மா. எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தாங்க, பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "எப்படி விழுந்தாங்க?" தாசனும் அவன் அம்மாவும் ஒரே குரல்ல, "வழுக்கி!"

டாக்டரம்மா அவங்க பக்கம் திரும்பவே இல்ல. சீலி பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. "நீ சொல்லும்மா. விழுந்ததால ஒடிஞ்சுதா... இல்ல, ஒடிஞ்சதால விழுந்தியா?"

அந்தப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதுச்சு. "ஒடிஞ்சதாலதான் விழுந்தேன் டாக்டர். அதுக்கு முன்னாடியே அந்த இடம் வலிச்சுக்கிட்டே இருந்துச்சு. படுத்தாலும் வலி விடாது. தண்ணி தூக்குறதால வலிக்குன்னாங்க, நானும் அப்படித்தான்னு இருந்துட்டேன்."

சதை எடுத்துச் சோதிச்சுப் பார்த்தாங்க. எலும்புக்குள்ள கட்டி. புற்று. எலும்பை உள்ளுக்குள்ளயே அரிச்சிருக்கு. ஒரு குடம் தண்ணி கனத்தைத் தாங்கக்கூட அதுக்குத் தெம்பு இல்ல.

தாசன் கேட்டான், "டாக்டர், ஒடிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா?" அந்த அம்மா பொய் சொல்லல. "கெட்டுப்போன எலும்பை மட்டும் எடுத்துட்டு உள்ள கம்பி, மூட்டு வச்சு காலைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம். இப்போ சுத்தியும் பரவியிருக்கு. உயிர் வேணும்னா காலை எடுத்துத்தான் ஆகணும்."

எடுத்தாங்க. மருந்து ஏத்தினாங்க, முடியெல்லாம் கொட்டிச்சு. பிழைச்சுக்கிட்டா, இப்போ செயற்கைக்கால் போட்டு நடக்கா. ஆனா ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு அந்த வராந்தாவுல எப்சிபாய் தலையில அடிச்சுக்கிட்டு அழுதா பாருங்க... "அவ முதல் நாளே சொன்னாளே! என் காதுல விழுந்துச்சே! நான் பாசியைத்தானே பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கலையே!"

...ஏன் இதைச் சொல்லுதேன்?

நம்ம தெருவுல ஒருத்தன் குடிச்சுட்டு விழுந்து கிடக்கான். நாம என்ன சொல்லுதோம்? குடியால கெட்டான். ஒருத்தி புருஷன் வீட்டை விட்டு வந்துட்டா. திமிரு! ஒரு பையன் படிப்பைப் பாதியில விட்டுட்டான். கொழுப்பு! அவன் விழுந்ததைப் பார்த்தோம். அதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள என்ன ஒடிஞ்சுதுன்னு யாராவது கேட்டோமா? கேட்கல. கேட்காமலே தீர்ப்பு சொல்லிட்டோம். சபைக்கு வர்றவங்களே இப்படின்னா வெளியில இருக்கவங்களை என்ன சொல்ல?

அவங்களும் சொல்லித்தான் பார்த்திருப்பாங்க ஐயா. சாப்பிடும்போது சொல்லியிருப்பாங்க, பஸ்ஸுல வரும்போது சொல்லியிருப்பாங்க. நாம சிரிச்சிருப்போம்.

அதனால ஆராதனை முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் ஒண்ணே ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உங்க வீட்டுல... முன்னால சொல்லிக்கிட்டே இருந்துட்டு, இப்போ சொல்லுறதை நிறுத்தினவங்க யாரு? அவங்க சரியாயிட்டாங்கன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கீங்களே... அவங்க பக்கத்துல போய் உட்காருங்க.