மூன்று செங்கல், ஓர் ஆணி

யூக்கா செடி வாடிச் சாவது அபூர்வம், ஐயா. தண்ணீர் மிஞ்சி, வேர் அழுகித்தான் சாகும். தரையில் வைத்தால் ஆளுயரம் போகும். தொட்டியில் வைத்தால் சொன்ன பேச்சு கேட்கும். பாதி மண், பாதி மணல், நல்ல வெயில், தொட்டிக்கு அடியில் ஒரு செங்கல். அவ்வளவுதான் பக்குவம்.

இலை நுனி மட்டும் ஊசி. ஆள் நடமாடும் இடமென்றால் புது இலை வர வர நகவெட்டியால் நறுக்கிவிட வேண்டும். ஒன்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் நறுக்கியிருக்கிறேன்.

போன மாதம் தங்கை வேலை மாற்றலாகி எங்கள் மாடியறைக்கு வந்தாள். சின்ன வயதிலிருந்தே எல்லாரும் அவள் கண்ணைத்தான் சொல்வார்கள். என்னைப் பார்த்தால், "இவ நல்லா வேலை செய்வா" என்பார்கள். அது பழகிப்போன விஷயம்.

ஒருநாள் என் வீட்டுக்காரரும் சொன்னார்: "உன் தங்கச்சிக்கு வாயே வேண்டாம். கண்ணே பேசிடுது." பதினாறு வருஷத்தில் நான் சட்டை தேய்ப்பதைத் தவிர என்னிடம் எதையும் அவர் மெச்சியதில்லை. வயிறு எரிந்தது. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அவள் காலையில் கொல்லைக் குழாயில்தான் முகம் கழுவுவாள். தண்ணீர் வழிய, குனிந்தபடியே கையால் துழாவி, ஆணியில் தொங்கும் துண்டை எடுப்பாள். நான் யூக்காவை அங்கே நகர்த்தினேன். குழாயடி ஈரம் ஆகாதே என்று மூன்று செங்கல் வைத்ததாக வீட்டில் சொன்னேன். ஈரம் ஆகாத செடியைக் குழாயடியில் ஏன் வைத்தாய் என்று உங்களுக்கு மட்டும்தான் கேட்கத் தோன்றியது. நீங்களும் செடி வளர்ப்பவர் போலிருக்கிறது.

அவள் குனியும் உயரத்தை முன்பே துடைப்பத்தால் அளந்திருந்தேன். அதற்கு மூன்று செங்கல் சரியாக இருந்தது. ஆணியைப் பிடுங்கி, செடிக்குப் பின்னால் அடித்தேன். அந்தச் சனிக்கிழமை நகவெட்டியை எடுக்கவில்லை.

திங்கள்கிழமை காலையில், "அக்கா, துண்டக் காணோமே" என்றாள்.

"செடிக்குப் பின்னாடிதான் இருக்கு. நல்லா எட்டி எடு" என்றேன்.

வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைத்தான் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். "நீ இல்லன்னா எனக்கு யாருக்கா" என்கிறாள். வேளாவேளைக்கு நான்தான் சொட்டு மருந்து விடுகிறேன்.

நான்தான் செய்தேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். பொறாமையில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பொறாமைக்காரியாக இருந்தால் இரண்டு கண்ணுக்கும் அல்லவா ஏற்பாடு செய்திருப்பேன்.